கிளிக் அண்ணன் கேட்ட வறுமைக் கேள்வி

இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களுக்குக்கூட அதன்மேல் கிளிக் அண்ணனுக்கு இருந்த அளவு நம்பிக்கை இருந்திருக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலை சந்திப்பில் பிரவுசிங் சென்டர் திறந்தவர் அவர். பெண் தேடிய வாத்தியாரானாலும் தேங்காய் விலை கேட்ட வியாபாரியானாலும் "கிளிக் பண்ணினா வரும்" என்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

பக்கத்து டியூட்டோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த நான் ஈமெயில் பார்க்க அங்கே போவேன். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். லைன் மெதுவானால், டெலிபோன் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காதான் காரணம் என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார். காக்கா பறந்த பிறகும் பக்கம் திறக்காது. "பயந்துபோச்சு, இப்பம் வரும்" என்பார். பயந்தது காக்காவா இன்டர்நெட்டா என்று நான் கேட்டதில்லை.

ஒரே குறை, ஆள் வராது. நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடை வைத்திருந்த அவருடைய மச்சினர், அதாவது மனைவியின் அண்ணன், ஓணம்வரை பார்ப்பேன் என்று கெடு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சென்டருக்குப் பூட்டு, கிளிக் அண்ணனுக்கு டைல்ஸ் கடையில் வேலை. உலகத்தில் ஏழைகள் இருப்பதற்கு ஒரே காரணம் சோம்பல் என்பது மச்சினரின் சித்தாந்தம். "வேல செய்தா எவனுக்கும் உண்டு. நம்ம மாப்ளைக்கு மடியாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார். அந்தப் பேச்சு கிளிக் அண்ணனைச் சோற்றில் கிடந்த கல் மாதிரி உறுத்தியது.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பக்கம் அவர் கண்ணில் பட்டது. மனிதர்கள் ஏன் ஏழையாக இருக்கிறார்கள்? சோம்பலா, விதியா, ஆள்பவர்களா, வாய்ப்பு இல்லாததா? நீங்கள் நம்புவதை கிளிக் செய்யுங்கள் என்றிருந்தது. அண்ணனுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"உலகம் முச்சூடும் சொல்லியாச்சு. பாறசாலைக்காரன் சொல்லண்டாமா சாரே?"

காசு வேண்டாம், வந்து பதில் சொன்னால் போதும் என்று கொல்லயில் கிராமம் முதல் காரோடு கிராமம் வரை சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் கூட்டம் தாங்கவில்லை. செய்தி போகிற வழியில் உருமாறியிருந்தது. கம்ப்யூட்டரில் ஏழைகள் பட்டியல் எடுக்கிறார்கள், பெயர் சேர்ந்தால் அரிசி மலிவாகக் கிடைக்கும் என்று ஊரே நம்பிவிட்டது. பெண்கள் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஜெரால்டு கிழிந்த பனியனோடு நின்றான். அவன் பூசியிருந்த சென்ட் பஸ் ஸ்டாப் வரை மணத்தது.

"எனக்க வீடு ஒழுகுது அண்ணே, அதையும் சேத்துக்கோ."

"மாடி வீட்டுல கீழ்நெல எப்பிடிலே ஒழுகும்? நீ ஏழையான்னு கேக்கல்ல மக்கா. ஏழை ஏன் ஏழையா இருக்கான்னாக்கும் கேள்வி."

ஜெரால்டு நன்றாக யோசித்தான். "எதச் சொன்னா அரிசி கிட்டும்?"

அரிசி இல்லை என்று தெரிந்த பிறகும் ஒருவரும் கலையவில்லை. விதி என்றார்கள், ஆட்சி என்றார்கள், தொண்டை வறள வாதாடினார்கள். கிளிக் அண்ணன் ஒவ்வொருவர் கையையும் பிடித்து மவுசில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மச்சினர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒருத்தரும் காசு தரவில்லை என்று தெரிந்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"போதும் மாப்ள. ஓணம் வர காக்கண்டாம், நாளைக்கே பூட்டிரும்."

"பூட்டுதேன் மச்சான். நீங்களும் ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க."

அவர் எதைச் சொல்வார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் அமர்ந்து, "மடி எங்க இருக்கு?" என்று மவுசைப் பிடித்தார். அப்போதுதான் மேசை ஓரத்தில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தார். தன் தங்கை காலையில் கொடுத்தனுப்பிய சோறு, இன்னும் திறக்கப்படவில்லை.

"நீரு இன்னும் ஒண்ணும் தின்னல்லியா?"

"ஆளு நிக்குதுல்லா மச்சான். பிறவு தின்னலாம்."

மச்சினர் திரையை மேலும் கீழுமாக வெகுநேரம் பார்த்தார்.

"இதில, 'ஆளு வர நேரம் எடுக்கும்'ணு ஒரு பதிலு இல்லியா?"

"இல்ல மச்சான்."

"அப்பம் எனக்குப் பதிலு இல்ல. அடுத்த ஓணம் வர பாப்போம். மொதல்ல சோத்தத் தின்னும்."

கிளிக் அண்ணன் வாளியைத் திறந்தவர், முதல் உருண்டையை வாயில் வைக்க முடியாமல் குனிந்தபடி இருந்தார். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்துப்போனது. மறுநாளிலிருந்து, எனக்கு யாரும் ஈமெயில் எழுதாத நாட்களிலும் காசு கொடுத்து அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.