அரசாங்க மழை

கணக்கப்பிள்ளை வீரசிங்கம் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரெங்கம்மாவின் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். முக்கால்வாசி நிறைந்திருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரத்திலிருந்து மழை அதற்குள் கொட்டிக்கொண்டே இருந்தது.

"எடுத்துரு," என்றார்.

"எதுக்குங்க?"

தேயிலைத் தோட்டம் கம்பனியின் கையிலிருந்து அரசாங்கத்துக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டத்தை நடத்தப் புதிய துரை வந்தார்; அவர் பின்னாலேயே புதிய உத்தரவுகள் வந்தன. தோட்ட எல்லைக்குள் எவரும் தம் சொந்தத்துக்குத் தண்ணீர் சேர்த்துவைக்கக் கூடாது என்பது கடைசியாக வந்தது. ஊற்றும் ஓடையும் மழையும் அதில் அடக்கம். கூரை அரசாங்கத்துடையது, ஆகவே அதில் விழுந்து வழிவதும் அரசாங்கத்துடையது என்று வீரசிங்கம் விளக்கினார்.

ரெங்கம்மா அண்ணாந்து பார்த்தாள். "அப்ப தகரத்துல இருக்கிற ஓட்டையும் அரசாங்கத்தோடதுதானுங்களே. அத எப்ப வந்து அடைப்பாங்க?"

அதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை என்றார் அவர்.

அவள் புருஷன் நல்லையா நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்டில் கிடந்து, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக முந்தாநாள்தான் திரும்பியிருந்தான். பைப்புத் தண்ணீர் வாயில் படவே கூடாது, மறுபடி வந்தால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். லயத்துப் பைப்பில் வந்தது சேறு. மழை நாளில் அட்டையும் வரும். பீப்பாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வம்பு வேணாம் புள்ள," என்று நல்லையா கம்பளிக்குள்ளிருந்து முனகினான். கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு அவன் முதலில் சொன்னதும் அதைத்தான்.

ரெங்கம்மா தண்ணீரை அக்கம்பக்கத்துக்கு மொண்டு கொடுத்துவிட்டு, பீப்பாயை முற்றத்து நடுவுக்கு உருட்டினாள். சுற்றி நான்கு கம்பு நட்டுத் தன் கூறைச்சேலையை விரித்துக் கட்டினாள். சேலையின் நடுவில் ஒரு கல்லைப் போட்டாள். மழை கல்லடியில் குவிந்து பீப்பாய்க்குள் ஒழுகியது. அரசாங்கத் தகரத்தில் ஒரு சொட்டும் படவில்லை.

மறுநாள் வீரசிங்கம் சேலையைச் சுற்றி வந்தார்.

"சேலை எங்கப்பன் எடுத்துக் குடுத்ததுங்க," என்றாள் ரெங்கம்மா.

"நெலம் ஒங்கப்பன் குடுத்ததா?"

பீப்பாயைத் தாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கொண்டுபோனாள். காம்பராவும் அரசாங்கத்துடையதுதான் என்று அவர் வாசலில் நின்று சொன்னார். அப்படியானால் குடிப்பது குற்றமா என்று கேட்டாள். வீரசிங்கம் யோசித்தார். குடிப்பதைப் பற்றி மேலிடம் ஒன்றும் சொல்லவில்லை. சேர்ப்பதுதான் குற்றம். ஒரு சிரட்டையில் பிடித்து வைத்தாலும் குற்றம்தான்.

"அப்பிடியே நடந்துக்கிறோமுங்க," என்றாள் ரெங்கம்மா.

அவள் அவ்வளவு பணிவாகப் பேசி அந்த லயத்தில் யாரும் கேட்டதில்லை. வீரசிங்கம் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அவர் தலை மறைந்ததும் ரெங்கம்மா காம்பரா காம்பராவாகப் போனாள். எல்லாக் கூரையும் ஒழுகும் கூரைதான். ஒழுகும் இடத்திலெல்லாம் சட்டியும் கேத்தலும் வைத்திருந்தார்கள்.

"சட்டிய எடுத்துருங்க. வச்சா தண்ணி சேத்ததா ஆயிரும். அரசாங்கச் சொத்து, அது இஷ்டத்துக்குப் போகட்டும்."

லயமே சிரித்தது. சட்டிகள் அடுப்படிக்குப் போயின.

சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஒழுகிய தண்ணீர் தரையில் பரவி, வாசல்களைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கியது. படிக்கட்டு முடிகிற இடத்தில் கணக்கப்பிள்ளையின் வீடு. தண்ணீர் அங்கே நுழைந்து, அரிசி மூட்டையை நனைத்து, அவர் காலில் போடும் சப்பாத்துகளைக் கட்டிலடியிலிருந்து மிதக்க வைத்து வெளியே அனுப்பியது.

வீரசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். தண்ணீரை உடனே அள்ளச் சொன்னார். அள்ளினால் வாளியில் சேர்ந்துவிடுமே என்று ரெங்கம்மா கவலைப்பட்டாள்.

"எல்லா ஒழுக்குக்கும் கீழ சட்டி வைங்க," என்று அவர் கத்தினார்.

"ஐயா உத்தரவுதானுங்களே?"

"என் உத்தரவுதான்."

சட்டிகள் வந்தன; நிறைந்தன. வெளியே கொட்டினால் மறுபடி கணக்கப்பிள்ளை வீட்டுக்குத்தான் போகும். ஆகவே எல்லாவற்றையும் ரெங்கம்மாவின் பீப்பாயில் ஊற்றினார்கள். மத்தியானத்துக்குள் அது தளும்பியது.

செய்தி துரையின் பங்களாவுக்கு எட்டியது.

அடுத்த நாள் விடிகாலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை வந்து நின்றார். பக்கத்தில் பீப்பாய். அதற்குப் பக்கத்தில், ஈரச் சப்பாத்தோடு வீரசிங்கம்.

துரை தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். சேர்த்ததைக் குடிப்பதும் சேர்த்ததற்குச் சமம், ஆகவே இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லாரும் களத்தின் அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்றார். அங்கே நிற்பவர்களுக்குப் பத்துச்சீட்டு. வேலையும் போகும், காம்பராவும் போகும்.

காம்பரா போனால் நல்லையாவை எந்த ரோட்டோரத்தில் படுக்க வைப்பது என்று ரெங்கம்மா நினைத்தாள். குடிக்கவில்லை, துணி துவைக்க வைத்திருந்தேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அவளுக்கு அந்தப் பொய்யின் ருசி பிடிக்கவில்லை.

"நான் குடிச்சேனுங்க. என் புருசனுக்கும் குடுத்தேன். நாளைக்கும் குடுப்பேன்."

போய் நின்றாள். கொழுந்துக் கூடையை முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லயத்துப் பக்கமிருந்து ஒரு கம்பளி தள்ளாடி வந்தது. நல்லையா. அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பின்னால் பக்கத்துக் காம்பராப் பெரியாயி வந்தாள். பிறகு இரண்டு இரண்டு பேராக, பிறகு கூட்டமாக. கடைசியில் கங்காணியும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வந்தார். இந்தப் பக்கம் துரை, கணக்கப்பிள்ளை, பீப்பாய் மட்டும்.

அந்த நேரத்தில் பங்களாச் சமையல்கார முருகையா வழக்கம்போலத் தட்டில் துரையின் தேநீரோடு வந்தார். துரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, குடித்தவர் வேறு யாராவது உண்டா என்று கேட்டார்.

முருகையா தட்டோடு நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார்.

துரை கோப்பைக்காகக் கையை நீட்டினார். கோப்பை இல்லை. "இங்கே கொண்டு வா," என்றார்.

"தொரைதானுங்க இங்கிட்டு வரணும்," என்றார் முருகையா. "பங்களாப் பைப்புலயும் சேறு வர ஆரம்பிச்சதுலேருந்து, ஒங்களுக்கு டீ ஊத்துறது ரெங்கம்மா பீப்பாத் தண்ணியிலதான்."