மாப்பிள்ளை, டெல்லி விடுதி, ஒரு சாக்கு நண்டு

வெளியூரில் தங்க இடம் பார்க்கும் பொறுப்பை ஒரு குடும்பம் யாரிடம் ஒப்படைக்கும்? ஊர் உலகம் சுற்றியவனிடம் அல்ல. யார் கையில் புது போன் இருக்கிறதோ அவனிடம். எங்கள் வீட்டில் அது என்னிடம் இருந்தது. மீஞ்சூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை, போனிலேயே சாப்பாடு வரவழைக்கத் தெரியும் (எங்க ஊருக்கு வராது, அது வேற விஷயம்). அதனால் நான் பெரிய விவரஸ்தன் என்று பழவேற்காட்டில் எங்கள் தெருவே நம்பியது. நானும் நம்பினேன்.

அப்போது எனக்கு டெல்லியில் ஒரு பெண் அமைகிற மாதிரி இருந்தது. பெயர் கலைவாணி. அவளுடைய அப்பா எங்கள் ஏரிக்கரைக்காரர்தான்; அரசாங்க வேலையில் டெல்லிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதற்கு முன் நாலைந்து இடம் தட்டிப்போயிருந்தது (மீன் வாடை அடிக்கும்னு ஒரு வீட்ல மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க). கலைவாணியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

"நம்ம வீட்லியே தங்கிக்கலாம்" என்று பெண்ணின் அப்பா எவ்வளவோ சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"பொண்ணயே இன்னும் பாக்கல. அதுக்குள்ள அவுங்க ஊட்ல குளிச்சி, சாப்ட்டு, தூங்கறதா? நம்ம மரியாத இன்னா ஆவறது? நீ போன்ல ஒரு நல்ல எடமா பாருடா."

பார்த்தேன். ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதிகளின் படங்களில் சுவரெல்லாம் ஓதம். பெண் வீட்டுக்கு அருகில் இருந்தவை அரண்மனை மாதிரி. வாசலில் நிற்கும் காவலாளிக்கு வணக்கம் வைத்தே நைனா (எங்க அப்பாதான்) களைத்துப்போவார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. பளிங்குத் தரை, வெள்ளை வெளேர் விரிப்பு, தங்கியவர்கள் அத்தனை பேரும் ஐந்து நட்சத்திரம். அவர்கள் எழுதியிருந்தது இந்தியில். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் கும்பிடும் கைகள் இருந்தன. அடேங்கப்பா, இப்படிக் கும்பிட்டு வரவேற்கிறார்களே என்று உடனே பதிவு செய்துவிட்டேன்.

முதல் தடவை சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கம் இனிப்பு, பழத்தோடு நிறுத்த மாட்டார்கள். சீராக ஏரி நண்டு போக வேண்டும். அதுவும் உயிரோடு. செத்த நண்டைக் கொண்டுபோனால் அது பெண் கேட்கிற லட்சணமில்லை, சண்டைக்குப் போகிற லட்சணம். நைனா நண்டு பிடிக்கிறவர். உள்ளங்கை அகலத்தில் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றின் கொடுக்கையும் மடக்கிச் சணலால் கட்டி, ஈரச் சாக்கில் அடுக்கிவிட்டார். வழியில் தெளிக்க ஒரு கேன் ஏரித் தண்ணீர். ரயிலில் இரண்டு ராத்திரியும் அம்மா என்னைக் கவனிக்கவில்லை, சாக்கைத்தான் கவனித்தாள்.

விடுதி வாசலில் இந்தியில் நீளமாக ஒரு பலகை. வரவேற்பு வாசகம் என்று நினைத்து நைனா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அது உயிர்க்கொலையை மறுக்கும் ஓர் அறக்கட்டளையின் விடுதி என்பதும், வெங்காயம் பூண்டுகூட உள்ளே வரக்கூடாது என்று பலகை சொன்னது என்பதும் பிறகு அந்தப் போட்டோவைப் பார்த்துக் கலைவாணி படித்துச் சொல்லித்தான் தெரியும்.

சாக்கைக் குளியலறையில் வைத்தோம். நான் துண்டைக் கட்டிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தேன். மாலையில் பெண் பார்க்கப் போக வேண்டும். விடுதி மேலாளர் தேநீரோடு வந்தார். வெள்ளை வேட்டி, சாந்தமான முகம். அப்போது பார்த்து சாக்கு நகர்ந்தது. அவர் சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தார். தேநீர்த் தட்டு கீழே விழுந்தது.

நைனா அவரைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "ஆசையா கீதா சார்? ரெண்டு எடுத்துக்கோங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

மேலாளர் ஓடிப்போய் ஒரு கத்தரிக்கோலோடு வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். தரையில் உட்கார்ந்தார், முதல் நண்டை மடியில் வைத்தார், சணலை வெட்டினார். கட்டவிழ்த்த நண்டைப் பற்றி எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். "யோவ், வெட்டாத யா" என்று நைனா அலறினார். மேலாளர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அடுத்ததை வெட்டினார்.

நாங்கள் தடுப்பதற்குள் பாதி நண்டுகள் பளிங்குத் தரையில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. காப்பாற்றியவர் யார், கட்டியவர் யார் என்று அதுங்களுக்கு என்ன தெரியும்? ஒன்று மேலாளரின் வேட்டியைப் பிடித்தது. வீரனாக நான் குதித்தேன் (செருப்பு போடாம, அறிவுகெட்டவன்). இன்னொன்று என் வலது கால் கட்டைவிரலைப் பிடித்தது.

நண்டு பிடித்தால் கொடுக்கை ஒடிப்பதுதான் எங்கள் வழக்கம். நைனா குனிந்தார். மேலாளர் குறுக்கே விழுந்து கும்பிட்டார். கூச்சல் கேட்டு மற்ற அறைக்காரர்களும் வந்து, விஷயம் தெரிந்ததும் கைகூப்பி நின்றார்கள். ஒரு கூடம் நிறைய ஜனம் நண்டின் உயிருக்காக மன்றாடுகிறது. என் கட்டைவிரலுக்காக ஓர் ஆள் இல்லை. "ஒடி நைனா, ஒடிச்சிடு" என்று நான் போட்ட சத்தம் டெல்லி முழுக்கக் கேட்டிருக்கும். நைனா அத்தனை கும்பிட்ட கைகளையும் பார்த்துவிட்டு, "எப்டிரா ஒடிக்கறது, பாவமா கீதுடா" என்றார். என்னை அல்ல, அவர்களைச் சொன்னார்.

கடைசியில் வாளித் தண்ணீரில் காலை வைத்ததும் நண்டு அதுவாக மனமிரங்கி விட்டது. மேலாளர் எல்லாவற்றையும் வண்டியிலேற்றி யமுனையில் விடப் போனார். எங்களைத் திட்டவில்லை. கிளம்புமுன் கதவைத் திறந்துவைத்து, போனில் பார்த்த அதே மாதிரி கும்பிட்டார். மூட்டையோடு தெருவுக்கு வந்தோம்.

"நொண்டாத நட" என்றாள் அம்மா. "நண்டு கடிச்சிதுனு வாயத் தொறக்காத. சொன்னா, நண்டு எங்கனு கேப்பாங்க. வெறுங்கையோட வந்துட்டு இன்னான்னு சொல்றது?"

ஒரு மிட்டாய்ப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போனோம். ஷூவை வாசலில் கழற்றி, சாக்ஸோடு எப்படியோ நாற்காலி வரை போய்விட்டேன். கலைவாணி எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அத்தைதான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஜன்னல் வரைக்கும் போய் வெளிய மழ வருதானு பாத்துட்டு வாங்களேன்."

பெண்ணை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் நடந்தேன். ஒவ்வொரு அடியும் உச்சந்தலையில் போய் இடித்தது. மழை இல்லை என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பினேன். அத்தை அம்மாவிடம் குனிந்து, "பொறந்ததுலருந்தே இப்டியா, நடுவுல வந்துதா?" என்றார்.

அம்மா மிட்டாய்ப் பெட்டியை அத்தை பக்கம் நகர்த்தினாள். போச்சு, கலைவாணி போனாள், என் வாழ்க்கையே போனது என்று அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்.

"சாக்ஸுல ரத்தம் வருது, கழட்டுங்க" என்றாள் கலைவாணி.

கழற்றினேன். அவளுடைய அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரல் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது, இரண்டு பக்கமும் தடம். டெல்லிக்கு வந்து எத்தனை வருடமானாலும் ஏரிக்கரைக்காரர் ஏரிக்கரைக்காரர்தான். நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை.

"நண்டு எங்க?" என்றார்.

நைனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கலைவாணி சிரித்த சிரிப்பில் அத்தையே பயந்துபோனார். சிரித்து முடித்து, "அவ்ளோ வலியிலயும் ஒடிக்கச் சொல்லலியா நீங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வாயே தொறக்கலம்மா. அவங்க மனசு நோவக் கூடாதுனு செல மாதிரி நின்னான்" என்று நைனா துண்டைப் போட்டுத் தாண்டாத குறையாகச் சத்தியம் செய்தார். இவ்வளவு பொறுமைசாலியா என்று கலைவாணி அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டாள். கல்யாணமான மாதத்திலேயே என்னை ஒரு கட்டெறும்பு கடித்து உண்மை வெளியாகிவிட்டது.

இப்போது எங்கு போனாலும் தங்கும் இடத்தை அவள்தான் பார்க்கிறாள். மாமனாருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. யமுனைப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பேருந்திலிருந்தே எனக்குப் போன் போடுவார்.

"மாப்ள, நம்ம சீரு மேலதான் போய்னு கீறேன்."