அன்று போனில் பேசியது நான் அல்ல, நத்தை

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இப்போது சுகம் என்று வாசிக்கவும், போன ஞாயிற்றுக்கிழமை யாரும் சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் கால் எலும்பு கூடி வருகிறதா? வழுக்கி விழுந்த அந்தக் குளியலறையில் இப்போதாவது ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டீர்களா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது. என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் நான் உங்களுக்குப் போன் போட்டு, "சம்பந்தி, தனியா எதுக்குக் கெடந்து அல்லாடுறீங்க, பொட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க, மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு, நாம ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்துக்கலாம்" என்று சொன்னேன் இல்லையா, அதை நான் சொல்லவில்லை. நத்தை சொன்னது. ஆகவே பெட்டி கட்டியிருந்தால் தயவுசெய்து பிரித்துவிடவும்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நீங்கள் விழுந்த நாளிலிருந்து உங்கள் மகள் பேருக்குத்தான் இந்த வீட்டில் இருந்தாள். "அத்தை, அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். ஒரே அடுப்படியில் நாம் இருவருமா, உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்து, வேண்டாம் என்றேன். "அப்ப நான் அங்க போறேன்" என்று அவள் பெட்டியை எடுத்துவிட்டாள். அம்மாவுக்குக் கால் கூடும்வரைக்கும்தான் என்றாள். ஆனால் என் பேத்தியின் கம்பளிச் சட்டைகளையும் மடித்து உள்ளே வைப்பதைப் பார்த்தேன். கம்பளிச் சட்டை போடும் காலம் வர இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. கால் கூடுவதற்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

திங்கள் காலை கிளம்புவதாக ஏற்பாடு. ஞாயிறன்று என் மகன் படகிலிருந்து ஒரு வாளி கடல் நத்தை கொண்டுவந்தான். வழக்கமாக அவன் கடலில் இறக்கும் பொறிக்கூடுகளில் ஏறுவது சாம்பல் நிறத்து நத்தை, இது சிவப்பு, ஒவ்வொன்றும் என் கைமுஷ்டி பெரிசு. தோட்டத்தில் இலை தின்றுகொண்டு திரியும் சாதுப் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். இது வேட்டைக்கார ஜாதி. செத்த மீனைக் கூட்டில் வைத்துக் கடலுக்கு அடியில் இறக்கினால், ஒரு குழலை நீட்டி மோப்பம் பிடித்தே வந்துவிடும், எங்கள் வீட்டில் மீன் வறுக்கும் நாள் உங்கள் தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிற மாதிரி. சிப்பி அகப்பட்டால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போது வாயைத் திறக்கும் என்று காத்திருக்குமாம். திறந்த உடனே தன் ஓட்டு விளிம்பை இடுக்கில் கொடுத்து நெம்பி, தும்பிக்கை போல ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டித் தின்னுமாம். நாக்கிலேயே பல்லாம் அதற்கு! உங்கள் மகள் இதைச் சொன்னபோது எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கை நனைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவர் யாரோ, அவர் ஞாபகம்.

உங்கள் மகள் நத்தை அவிக்கிற கொட்டகையில் வேலை பார்ப்பதால் இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நத்தைக்கு ஓட்டு வாசலில் ஒரு மூடி உண்டு, அதிலிருக்கும் கோடுகளை எண்ணினால் வயது தெரிந்துவிடுமாம். அதனால் சில பேர் மாதிரி, நத்தை என்னைவிட நாலு வயது சின்னவள் என்று சொல்லிக்கொண்டு திரிய முடியாது. முட்டையைப் பந்து பந்தாக ஒட்டி வைக்கும். காய்ந்தால் பஞ்சு மாதிரி இருக்கும், அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் அதில்தான் கை தேய்த்துக் கழுவுவார்களாம். நான் குதிகாலுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன், நல்ல பொருள். அந்தப் பந்துக்குள் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வோர் அறையிலும் முந்திக்கொண்டது கூடப்பிறந்த முட்டைகளைத் தின்றுதான் வளருமாம். "பாவம்ல அத்தை?" என்றாள். அவள் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். ஆறு பேரோடு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்த எனக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

சரி, நத்தைக்கு வருகிறேன். போட்டு வைத்தால் நாறிவிடுமே என்றுதான் சமைத்தேன். ஊருக்குக் கிளம்புகிற பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை, அவளும் அப்படிச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். அவள் கொட்டகையிலிருந்து போன் பண்ணினாள். பின்னால் கொதிகலன் உஸ் உஸ் என்கிறது, எவனோ கூடையை இழுக்கிறான், பாதி காதில் விழவில்லை.

"அத்தை, செவப்பு நத்தையா? மஞ்சள்... எடுத்துப் போட்டுடுங்க!"

"போடாம இருப்பேனா? எனக்குத் தெரியாதா?"

"மறந்துடாதீங்க! போடாம விட்டா தலை சுத்தும்!"

"எவ்வளவுடி போடணும்?"

"எல்லாத்தையும் போட்டுடுங்க! துளிகூட வைக்காதீங்க!"

நான் சொன்ன சொல் தட்டாதவள். மஞ்சள்தூள் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டேன். சட்டியில் சூரியன் உதித்த மாதிரி இருந்தது.

பேத்தி நத்தை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்வாள், தப்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டோம். உங்கள் மகளே இரண்டு முறை வாங்கிக்கொண்டாள், உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மகன் எழுந்து போய், இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தான். தரையில் கிடந்தபடி சிரித்தான். உங்கள் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அந்த மஞ்சளை எடுத்துப் போட்டீங்கதானே?"

"போட்டேனே. டப்பாவே காலி."

"எந்த டப்பா?"

அப்புறம்தான் விளங்கியது. சிவப்பு நத்தையின் கழுத்துக்கிட்டே மஞ்சளாக ஒரு சதை இருக்குமாம், எச்சில் சுரக்கிற இடமாம், விஷமாம், வேகவைத்தாலும் போகாதாம், அதைத்தான் அவள் எடுத்துத் தூரப் போடச் சொன்னாளாம். தூர என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? நீங்கள் வளர்த்த லட்சணம்.

பேத்தியை எதிர்வீட்டுத் தையற்காரரிடம் விட்டுவிட்டு, மூன்று பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தோம். தெரு தொட்டில் மாதிரி ஆடியது. "பாட்டி, என்ன விசேஷம்? குடும்பத்தோட கெளம்பிட்டீங்க?" என்று தையற்காரர் கேட்டார். இனி அவரிடம் என் ரவிக்கை போகாது. டாக்டர் அதற்கு மேல். என் முகத்துக்கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க பாட்டி, என்ன குடிச்சீங்க?" என்றார். "நத்தை" என்றேன். "அது எந்தக் கம்பெனி?" என்றார். உங்கள் மகள் எடுத்துச் சொன்ன பிறகுதான் நம்பினார். விடிந்தால் சரியாகிவிடும், அதுவரை இங்கேயே இருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார்.

அந்தப் பெஞ்சில்தான் வினை. எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எதிரே இரண்டு மருமகள்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் நாளைக்குப் போய்விடுவார்கள் என்று தோன்றியது. உடனே போனை வாங்கி உங்களைக் கூப்பிட்டேன். மீதி உங்களுக்குத் தெரியும். நீங்கள் "நெஜமாவா சொல்றீங்க சம்பந்தி?" என்று அழுதீர்கள், நானும் அழுதேன், அது விஷத்தின் வேலை. கல்யாணப் போட்டோவில் உங்கள் பச்சைக் கைப்பை என் முகத்தை மறைத்ததையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். அதையும் வாபஸ் வாங்குகிறேன். அந்தப் போட்டோவில் இன்றைக்கும் என் இடத்தில் கைப்பைதான் நிற்கிறது.

காலையில் தலை தெளிந்தது. பார்த்தால், உங்கள் மகள் பெட்டியைப் பிரித்து, கம்பளிச் சட்டைகளை அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாடுகிறாள். நான் என்ன செய்வேன்? நத்தை கொடுத்த வாக்குக்கு நான் ஜவாப்தாரியா? மூன்று நாளாக அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் நீங்களே அவளிடம், "இந்த ஊர் காத்துதான் எனக்கு ஒத்துக்குது, நான் வரல" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

கால் சீக்கிரம் கூடட்டும். தம்பியைக் கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் நீண்ட ஆயுளோடு, உங்கள் வீட்டிலேயே, நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் மறுபடியும் சிவப்பு நத்தையோடு வந்துவிட்டாள். இந்தத் தடவை அவளே அறுத்தாள். கத்தி முனையில் எடுத்து, "இதாங்க அத்தை அந்த மஞ்சள்" என்று காட்டிவிட்டுத் தூரப் போட்டாள். சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தலை சுற்றுகிறதா என்று காத்திருந்தேன். தெருவில் ஒரு தையற்காரர்தான். வீட்டில் ஒரு மருமகள்தான். நிச்சயமாகத் தெளிவாக இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு, நீங்கள் வர வேண்டாம் என்று இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தேன். வரவே மாட்டேன் என்கிறது அந்த நினைப்பு.

மேலே எழுதியதை அடிக்கலாம் என்றால் இத்தனை பக்கம், கை வலிக்கிறது. போட்டோ விஷயம் தவிர மற்றதெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். ஆனால் மாடி ரூம் என்று சொன்னது தப்பு. நத்தைக்கு என்ன தெரியும், காலை உடைத்துக்கொண்ட மனுஷி எப்படிப் படி ஏறுவாள் என்று? கீழே என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறை பக்கத்திலேயே இருக்கிறது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்க ஆள் வந்துகொண்டிருக்கிறான். என் சாமான்களை ஏற்றியாகிவிட்டது. இந்தப் பின்குறிப்பை மாடியிலிருந்துதான் எழுதுகிறேன்.