கீழ்த்தளக் கழிவறைச் சாவியும் நான் கதாநாயகன் ஆன கதையும்

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு, உங்கள் மைத்துனன் எழுதுவது.

இங்கே நானும் என் மனைவியும் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு நீளக் கடிதத்தைப் படிக்கத் தெம்பு இருக்காது. நீங்கள் வக்கீல் என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மானம் கப்பலேறிவிட்டது. ஒரு வக்கீல் நோட்டீஸ் தயார் செய்யவும். யாருக்கு, எதற்கு என்பது கீழே வருகிறது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தைப் பதினைந்து நாள் ஒரு பயிற்சிக்குக் கொடுத்தோம். சங்கச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனும் நான்தான். 'சமூக நீதிக்காகக் கதை சொல்வோம்' என்று பேனர் கட்டினார்கள். படம் எடுக்கப் போகிற பிள்ளைகள் ஆறு பேர், பத்திரிகைக்குப் போகிறவர்கள் ஆறு பேர். சொல்லிக்கொடுப்பவர் முன்பு நிருபராக இருந்த ஓர் அம்மாள். கதை சொல்ல எதற்கு மாப்பிள்ளை பயிற்சி? நம் குடும்பத்தில் எல்லோரும் பயிற்சி இல்லாமலேயே விடுகிறோமே! அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் வாசலில் நின்றேன். மூன்றாம் நாள் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க உள்ளேயே போய்விட்டேன். நிருபரம்மாள் சிரித்துக்கொண்டே, "சார், ஃபேன் நல்லாத்தான் சுத்துது. நீங்கதான் மூணு நாளா நிக்காம சுத்துறீங்க. கடைசி வரிசையில உட்காருங்க, ஆனா பேசக் கூடாது" என்றார்.

உட்கார்ந்தேன். அடேயப்பா, என்னென்னவோ சொல்லிக்கொடுக்கிறார்கள்! ஒன்று கேளுங்கள். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால், உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாதாம். "வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. உண்மை பெரும்பாலும் ஒன்பதுலதான் வரும்" என்றார் அந்த அம்மாள். நான் அன்றே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். "நீ என்னைப் பத்தி என்ன நினைக்கிறே?" என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஐந்தில் அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஏழில் "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். ஒன்பது வரை போக அவள் விடவில்லை.

பிறகுதான் வந்தது வினை. ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, காலை முதல் மாலை வரை கேமராவோடு அதன் பின்னாலேயே போக வேண்டும். யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. அது யார் கையில் இருக்கிறது, யார் கையில் இல்லை என்று பார்க்க வேண்டும். இதுதான் பாடம். ஒருவன் தண்ணீர் கேனைப் பிடித்தான். ஒருத்தி லிஃப்டில் இருக்கும் ஸ்டூலைப் பிடித்தாள். நான் 'குதிரைவால்' என்று பெயர் வைத்திருந்த பெண் மட்டும் என் இடுப்பைப் பார்த்து, "சார், உங்க சாவிக்கொத்துல இருக்குற கழிவறைச் சாவிய என் பொருளா எடுத்துக்கலாமா?" என்றாள். கீழ்த்தளக் கழிவறையைச் சொல்கிறாள். அது கதவோடு சேர்ந்த பூட்டு. வெளியிலிருந்து பூட்டவும் திறக்கவும் சாவி வேண்டும். மாற்றுச் சாவி கிடையாது, செய்யவும் நான் விட்டதில்லை. யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போய்த் தொட்டி காலியான நாளிலிருந்து பூட்டிவைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் மூன்றாம் மாடியில் என் வீட்டுக்கு ஏறி வந்து கேட்டால் கொடுக்கப்போகிறேன்!

சாவி என் இடுப்பில். ஆகவே படத்தில் கதாநாயகன் யார்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். லிஃப்ட் கம்பெனியோடு நான் நடத்திய போராட்டத்தை அவள் கேட்காமலேயே சொன்னேன். சாப்பிட்டபின் நாற்காலியில் கொஞ்சம் கண் அசந்திருப்பேன்.

நேற்று எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். வாட்ச்மேன், குடியிருப்பவர்கள், படி துடைக்கும் அம்மாள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாலு நிமிஷப் படம். அதில் இரண்டு நிமிஷம் என் குறட்டை! இடுப்பில் சாவி அசையாமல் தொங்குகிறது. மீதி இரண்டு நிமிஷம், படி துடைக்கும் அம்மாள் வாளியை வைத்துவிட்டுக் கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, பஸ் நிலையத்துக் கழிவறை வரை போய்த் திரும்புகிறார். ஒரு நாளில் மூன்று தடவை. வெயிலில். ஒரு தடவை பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிருபரம்மாள் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். எல்லோரும் சும்மா இருந்தார்கள். "ஒரு நாள் மாடி ஏறிப் போய்க் கேட்டேங்க. சார் சாவியக் கையில வச்சுக்கிட்டு, எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாரு. அதுக்கப்புறம் கேக்கலீங்க. பன்னெண்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல, அவ்வளவுதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

பிறகு நிருபரம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் சார் பூட்டி வச்சிருக்கீங்க?" என்றார். தண்ணீர் வீணாகிறது என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளின் உதடும் அசைந்தது. எண்ணுகிறார்கள்! கடைசி வரிசையில் உட்கார்ந்து கற்றவனிடமே அந்த வித்தையைக் காட்டுகிறார்கள்! நானா மசிவேன்? பத்து வரை வாயே திறக்காமல் இருந்து, பதினொன்றுக்கு எழுந்து வந்துவிட்டேன். ஆகவே அந்தப் படத்தை எங்கும் காட்டக் கூடாது, என் குறட்டையை நீக்க வேண்டும், எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று அம்சங்களோடு காரமாக ஒரு நோட்டீஸ் அனுப்பவும்.

தங்கையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். வழக்கெல்லாம் ஜெயித்து, வயிறார உண்டு, நிம்மதியாகத் தூங்கி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மானம் போன மைத்துனன்

பி.கு.: நோட்டீஸ் வேண்டாம். மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. பதினொன்று வரை நான் தாங்கவில்லை. ஒன்பதில் வாய் திறந்துவிட்டேன். "ரிட்டையர் ஆனதுக்கப்புறம் என்கிட்ட யாரும் எதுவும் கேட்டு வர்றதில்லம்மா. சாவி இருந்தா நாலு பேர் வருவாங்கன்னு பூட்டினேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். குதிரைவால் கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள். இன்று காலை கதவைத் திறந்துவிட்டேன். சாவி இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. அது இல்லாமல் வெளியிலிருந்து பூட்ட முடியாது. என் குணம் உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரமே கடிதம் எழுதிக் கேட்பேன். நான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் திருப்பி அனுப்பாதீர்கள்.