பம்பாய் விமானத்தில் வந்த மருமகள்

மருமகளை இங்கிலீஷில் எப்படிக் கூப்பிடுவது? தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறியதிலிருந்து கஸ்தூரிரங்கன் யோசித்துக்கொண்டு வந்தார். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகும் முடிவுக்கு வரவில்லை. 'டாட்டர் இன் லா' என்றால் கோர்ட் சம்மன் மாதிரி இருந்தது. 'மை டியர்' என்று மனைவி கோமளத்தையே அவர் கூப்பிட்டதில்லை.

செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் அவர் தலைமைக் குமாஸ்தா. லண்டனுக்குப் படிக்கப் போன மகன் தேசிகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால், 'மார்கரெட் என்ற நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டேன்' என்று எழுதியிருந்தான். அந்த வரிக்கு மேல் படிக்காமல் கடிதத்தைக் கிழித்தார். அடுத்து வந்த மூன்று கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். இன்று காலை அவனுடைய தந்தி வந்துவிட்டது. பெட்டிகள் பம்பாய்ச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன, நான் நாளை வருகிறேன், மார்கரெட் மட்டும் இன்றைய விமானத்தில் வருகிறாள்.

"அந்தப் பொண்ணைத் தனியா நிக்க விட்டேள்னா, நான் இந்தாத்துல இருக்க மாட்டேன்" என்று சொல்லி, கோமளம் மாலையைக் கையில் திணித்து அனுப்பியிருந்தாள்.

ரயிலில் மனத்தை ஒருவாறு தேற்றிக்கொண்டார். ஆனது ஆயிற்று, வெள்ளைக்காரி. தாசில்தாரே எழுந்து நின்று பேசுவார்.

விமானம் இறங்கியது. வெளியே வந்தவர்களில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்திதான்.

"மார்கரெட்?"

"எஸ்!" என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக.

மாலையைப் போட்டார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

"கார் எங்கே? மகாபலிபுரம் போக எவ்வளவு நேரமாகும்?" என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள்.

"முதலில் வீடு. மகாபலிபுரம் ஞாயிற்றுக்கிழமை" என்றார் அவரும் இங்கிலீஷில்.

"கடல் தெரிகிற அறை என்றார்களே?"

தேசிகன்மேல் கோபம் பொங்கியது. என்னவெல்லாம் அளந்து வைத்திருக்கிறான்! பொய்யில் குடித்தனம் தொடங்க வேண்டாமென்று உள்ளதைச் சொன்னார்.

"எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கிணறு தெரியும்."

அவள் முகம் வாடியது. "குளிப்பதற்கு?"

"அதே கிணறுதான்."

அவள் இரண்டடி பின்வாங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நினைத்து, அவர் பெட்டியைத் தூக்கினார். அவள் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இழுத்தார்கள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது, ஆறுதல் சொல்வோம் என்று, "பயப்படாதே. இனிமேல் நான்தான் உன் அப்பா" என்றார்.

"போலீஸ்!" என்று கத்தினாள் அவள்.

சுமை தூக்கும் எல்லப்பன் ஓடிவந்தான். "இன்னா பெரியவரே, இன்னா பேஜாரு இது?"

"இவ என் நாட்டுப்பொண்ணுப்பா!"

எல்லப்பன் வெள்ளைக்காரியைப் பார்த்தான், அவருடைய குடுமியைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

கஸ்தூரிரங்கனுக்கு வியர்த்துக் கொட்டியது. கைவசம் இருந்த இங்கிலீஷெல்லாம் தீர்ந்துவிட்டது. சற்றுத் தள்ளி, கடைசியாக இறங்கி வந்த கறுத்த பெண் ஒருத்தி, நூல்புடவை கட்டிக்கொண்டு, பெட்டிமேல் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ துரை வீட்டு ஆயாவாக இருக்கும், பேச்சுப் பழகியிருக்கும் என்று அவளிடம் ஓடினார்.

"ஏம்மா, நோக்கு இங்கிலீஷ் வருமா?"

"வரும் சார்."

"அவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். என்மேல கோவமா இருக்கா. நியாயந்தான்."

"இன்னா சொல்லணும் சார்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தேசிகனோட அப்பான்னு சொல்லு. செங்கல்பட்டுன்னு சொல்லு. அவ பேரைப் பாத்ததும் லெட்டரைக் கிழிச்சேன். பிள்ளை செத்துட்டான்னு தலை முழுகினேன். அன்னிலேர்ந்து அவன் அம்மா ரசத்துக்கு உப்புப் போடறதில்லே. கேட்டா மறந்துபோச்சுங்கறா. ரெண்டு வருஷமா மறக்கறா, அம்மா! நானும் சப்புனு சாப்பிட்டுண்டு சும்மா இருக்கேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்மாத்துல ஆசாரம், மடி எல்லாம் உண்டு. ஆனா அவளுக்கு ஒரு தடையும் இல்லே. சமையலுள்ளுக்கும் வரலாம். என்ன ஜாதி, என்ன குலம்னு இந்த வாயால கேக்க மாட்டேன். பெருமாள் சத்தியம். நான் பண்ணினது தப்பு. இதை எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரலே. நீ சொல்லு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சீக்கிரம் சொல்லும்மா, அவ போயிடப் போறா!"

"போவட்டும். அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு எதுக்கு மாமா? சதுரங்கப்பட்டினத்து மார்கரெட்டுக்கே எல்லாம் புரிஞ்சிபோச்சு."