டபிள்யூ.டி. மாப்பிள்ளை

மெட்டுகுடாவில் என் மாமனார் வீட்டுத் தெருவுக்குப் போய் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'டபிள்யூ.டி. மாப்பிள்ளை' என்று கேட்டுப் பாருங்கள், வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ரயில்வேக்காரர்கள் பாஷையில் டபிள்யூ.டி. என்றால் 'வித்தவுட் டிக்கெட்', டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து மாட்டிக்கொண்டவன். நான் வாழ்க்கையில் ஒருநாளும் டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியதில்லை. (பிளாட்ஃபாரம் டிக்கெட்டைக்கூட ஊருக்குத் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருப்பேன்.) ஆனாலும் இந்தப் பட்டம் எனக்குப் பொருத்தமானதுதான் என்று இருபது வருஷம் கழித்து இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பட்டம் கொடுத்தவள் என் மனைவி பிரபா. செகந்திராபாத் ஸ்டேஷனில் டிக்கெட் எக்ஸாமினராக இருந்தாள். பிறந்து வளர்ந்தது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பிளாட்ஃபாரத்தில் ஹைதராபாத் இந்தி. கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் தென்காசிப் பக்கம். சாஃப்ட்வேர் கம்பெனிகள் போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஹைதராபாத் வந்து, மல்காஜ்கிரியில் குடியேறியவன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் கோலாலம்பூருக்கு ஐந்து நாள் சுற்றுலா போவதாக முடிவு செய்தோம். அதற்கு முன்பே நான் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்திருந்தேன். ஆகவே உலகம் சுற்றியவனின் தோரணை எனக்கு வந்திருந்தது.

"வெளிநாட்டுல எல்லாத்தயும் நான் பாத்துக்கிடுதேன். நீ சும்மா என் பின்னால வந்தாப் போதும்" என்றேன்.

"ஹவ், ஹவ்" என்றாள் பிரபா. (ஹைதராபாத் இந்தியில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்'. பிரபா அதை இரண்டு தரம் சொன்னால் 'பார்க்கத்தானே போகிறேன்' என்று அர்த்தம்.)

அவளுக்கு இருந்த ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு இலாகாத் தேர்வு. தேறினால் இன்ஸ்பெக்டர். அந்தத் தேர்வை எப்போது வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. விட்டால் அடுத்தது எத்தனை வருஷம் கழித்தோ. ஒரு வருஷமாக டியூட்டி முடித்துவிட்டு வந்து, குக்கர் விசில்களுக்கு நடுவே படித்தவள். விமானத்திலும் விதிமுறைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேகத்தைக் காட்டினேன். "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

கிளம்புவதற்கு முன் அவள் இன்னொரு வேலையும் செய்தாள். துணியில் ஒரு சின்னப் பை தைத்து, பாஸ்போர்ட்டை அதில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு நாலு புகைப்படமும் சேர்த்து ஒரு கவரில் வைத்தாள். எனக்கும் ஒரு பை தைத்து நீட்டினாள்.

"என்ன இது, தாயத்தா?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஹோட்டல் அறையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. நாமே ஒரு நம்பர் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். முதல் நாள் அதில் என் பாஸ்போர்ட்டை வைத்துப் பூட்டினேன். மறுநாள் நம்பர் மறந்துவிட்டது. ஹோட்டல் ஊழியர் வந்து திறந்து, குழந்தையிடம் மிட்டாய் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த அவமானத்துக்குப் பிறகு பெட்டியை நம்பவில்லை. எனக்குத் தெரிந்த பாதுகாப்பு முறைக்குத் திரும்பினேன். ரயிலில் ஏசி கோச்சில் போகும்போது பர்ஸைத் தலையணை உறைக்குள் தள்ளிவிட்டு அதன்மேல் தலையை வைத்துத் தூங்குவது என் பழக்கம். திருடன் எடுக்க வேண்டுமானால் முதலில் என் தலையைத் தூக்கியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி அதே முறையில் பாஸ்போர்ட்டையும் வைத்தேன். பிரபாவிடம் சொல்லவில்லை. (சொன்னால் அவள் தாயத்தை எடுத்து நீட்டுவாள்.)

ரயில் தலையணைக்கும் ஹோட்டல் தலையணைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரயிலில் நாம் இறங்கும் வரை உறையை மாற்றமாட்டார்கள். ஹோட்டலில் தினமும் மாற்றுவார்கள். இது எனக்குச் சனிக்கிழமை மத்தியானம், குகைக் கோயிலின் படிகளை ஏறி இறங்கிவிட்டு அறைக்கு வந்தபோது தெரிந்தது. படுக்கை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரபா முகம் கழுவப் போனதும் நாலு தலையணையையும் உதறினேன். ஒன்றும் விழவில்லை.

யோக்கியன் என்றால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் அவள் வெளியே வந்ததும், "பாஸ்போர்ட்ட பிக்பாக்கெட் அடிச்சிட்டான்" என்றேன்.

"எங்க?"

"கோயில் படியில."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். துண்டை மடித்து வைத்தாள். "வாங்க, போலீசுக்குப் போலாம்" என்றாள்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி தமிழர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, பிக்பாக்கெட்காரன் எப்படி இருந்தான் என்று கேட்டார். நான் எதிர்பார்க்காத கேள்வி. வாய் தானாகவே பேச ஆரம்பித்தது. உயரமான ஆள், சுருட்டை முடி, சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, இடது புருவத்தில் ஒரு தழும்பு, நடக்கும்போது லேசாக ஒரு பக்கம் சாய்வான். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஆளை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, மளமளவென்று எழுதிக்கொண்டார். பாதியில்தான் எனக்கு உறைத்தது, நான் வர்ணித்துக்கொண்டிருப்பது ஹைதராபாத்தில் இருக்கும் என் டீம் லீடரை.

அதுவரை பேசாமல் இருந்த பிரபா மெதுவாக, "சார், நான் டிக்கெட் எக்ஸாமினர். இவர நான் ரெண்டு கேள்வி கேட்டுக்கவா?" என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "கேளுங்கம்மா."

"பாஸ்போர்ட் எந்தப் பாக்கெட்ல இருந்துச்சு?"

"வலது பாக்கெட்ல."

"அதுல கேமரா இருந்துச்சே. படியில ஏறும்போது குத்துதுன்னு சொன்னீங்க."

"அப்ப இடது."

"இடதுல ரூம் சாவி. இப்பவும் அங்கதான் இருக்கு. சட்டைக்குப் பாக்கெட்டே இல்ல." அடுத்தது பிளாட்ஃபாரத்துக் குரலில் வந்தது. "கைக்கு ஜூட் போல்ரே?"

எதற்குப் பொய் சொல்கிறாய் என்று அர்த்தம். தினமும் அவள் பத்துப் பேரிடம் கேட்கும் கேள்வி. அன்றைக்குப் பதினோராவது ஆள் நான். தலையைக் குனிந்துகொண்டு, "தலையணை உறைக்குள்ள வச்சேன்" என்றேன்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"நிஜமாவே டிக்கெட்டத் தொலைச்சவன் பேசமாட்டான் சார். ஒவ்வொரு பாக்கெட்டா தேடிக்கிட்டே இருப்பான். நாம போயிட்டாலும் தேடுவான். டிக்கெட்டே எடுக்காதவன்தான் கதை சொல்வான். இவரு ரூம்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் ஒரு பாக்கெட்டக்கூடத் தொட்டுப் பாக்கல."

அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்த நிமிஷத்தில்கூட மனதின் ஓர் ஓரத்தில், எப்பேர்ப்பட்ட ஆளைக் கட்டியிருக்கிறோம் என்று ஒரு வியப்பு வந்ததை மறைக்க மாட்டேன். அதிகாரி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது, "அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் யாரு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "பாவம்" என்றார்.

வெளியே வந்ததும் பிரபா சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். "ரூம் சுத்தம் பண்ற அம்மாமேல பழி போடாம இருந்தீங்களே, அந்த மட்டும் நல்லது" என்று சொல்லிவிட்டு டாக்சிக்குக் கை காட்டினாள். (வரும்போது டாக்சியில் அந்த யோசனையும் எனக்கு வந்தது. இதுவரை அவளிடம் சொன்னதில்லை.)

ஹோட்டலின் சலவைக்கூடம் நிலவறையில் இருந்தது. மேற்பார்வை செய்த அம்மாளும் தமிழ்தான். பிரபா விஷயத்தைச் சொல்லி அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "எங்க மாடித் துணி எத்தன மணிக்கு இறங்குச்சு? உறை தனி மூட்டையா, ஷீட் தனி மூட்டையா? எண்ணித்தான போடுவீங்க?" என்று கேட்டாள்.

"நீங்களும் ஹோட்டல்ல வேலையா?" என்றார் அந்த அம்மாள்.

"ரயில்ல. ஏசி கோச்சுல பெட்ஷீட்டும் உறையும் இப்பிடித்தான் எண்ணி ஏத்தி எண்ணி இறக்குவாங்க. எண்ணிக்க தப்பினா எங்க தலைதான் உருளும்."

அதன்பின் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆபீஸ்காரர்கள் ஆகிவிட்டார்கள். நான் மூட்டை தூக்க மட்டும் பயன்பட்டேன். ஒரு மணி நேரம் தேடியதில், துணி உலர்த்தும் மூன்றாவது மெஷினுக்குள் அடியில் அது கிடைத்தது. எங்கள் மாடித் தலையணை உறைகள் பலவும் வெளிர்நீலமாக மாறியிருந்தன.

"வெள்ளையா போட்டேன், நீலமா வந்துச்சுலா! காலையிலேர்ந்து எந்தச் சாயம்னு தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார் அந்த அம்மாள், பெரிய பாரம் இறங்கியவராக.

என் பாஸ்போர்ட் சுத்தமாக இருந்தது. மேலட்டையில் சிங்கங்கள் இல்லை. உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாகியிருந்தன. புகைப்படத்தில் என் முகம் போய்விட்டிருந்தது. மீசை மட்டும் நின்றது. பிரபா அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்லா வெளுத்திருக்கு" என்றாள். பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாளும் சேர்ந்துகொண்டார்.

அந்த மீசையை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. நம் தூதரகத்தில் தற்காலிகப் பயணச் சான்று வாங்க வேண்டும். தூதரகம் திங்கட்கிழமைதான் திறக்கும். விமானம் ஞாயிற்றுக்கிழமை.

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இந்தக் கதையில் நான் உண்மையில் வெட்கப்படுவது அந்த வார்த்தைக்காகத்தான். பாஸ்போர்ட்டுக்காகவோ பொய்க்காகவோ இல்லை.

"நீயும் என்கூட இருந்துடேன். பரீட்சைய அடுத்த தடவை எழுதிக்கிடலாம்லா?"

பிரபா சிரிப்பை நிறுத்தினாள். "நக்கோ" என்றாள். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் சொல். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "நீங்க தொலைச்சது உங்க பாஸ்போர்ட்ட. அதுக்கு நான் ஏன் என் எக்ஸாம தொலைக்கணும்? ஒரு வருஷம் படிச்சிருக்கேன். நான் போறேன். உங்களால முடியும், என்னென்ன செய்யணும்னு நான் எழுதித் தர்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஹோட்டல் தாளில் வரிசையாக எழுதினாள். முதலில் காவல் நிலையம், 'திருட்டு' என்று சொல்லாமல் 'என் கவனக்குறைவால்' என்று எழுதி வாங்கவும். அடுத்தது தூதரகம். அதன்பின் இமிக்ரேஷன் அலுவலகம். ஒவ்வோர் இடத்திலும் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், எதைத் திருப்பி வாங்க வேண்டும் என்றும் குறித்தாள். ஜெராக்ஸ், என் புகைப்படங்கள் எல்லாம் கவரில் தயாராக இருந்தன. கடைசியாக, எனக்கென்று தைத்த துணிப்பையை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் உள்ளே போனவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: பை இருக்கிறதா?

திங்கட்கிழமை அவள் தேர்வு எழுதிய அதே நேரத்தில் நான் தூதரகத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படித் தொலைந்தது என்று கேட்ட அலுவலரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அடுத்த இரண்டு நாளில் ஐந்து இடங்களில் அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை பேகம்பேட்டை விமான நிலையத்தில் இறங்கினேன். வெளியே கூட்டத்துக்கு முன்னால் பிரபா நின்றிருந்தாள். டியூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கறுப்புக் கோட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டை. நான் கிட்டே போனதும் கையை நீட்டினாள்.

"டிக்கெட்?"

கழுத்துப் பையிலிருந்து சான்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் படித்தாள். "டபிள்யூ.டி.யா வந்து, அபராத ரசீது வாங்கிட்டு வந்திருக்கீங்க. சரி, போலாம்."

"பரீட்சை?"

"எழுதிட்டேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. தேறினாள். இன்ஸ்பெக்டர் ஆன அன்று அவர்கள் ஆபீஸில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். தன் அதிகாரியிடம் என்னை அறிமுகப்படுத்தினாள்: "நான் பிடிச்ச ஒரே இன்டர்நேஷனல் டபிள்யூ.டி. கேஸ், சார்." எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த அறையில் என்னைவிடப் பெருமையோடு நின்றவர் யாருமில்லை. அவள் என்கூடத் தங்கியிருந்தால் இந்த விருந்து இல்லை என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

மெட்டுகுடாவில் ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தக் கதை வளர்ந்துகொண்டே வருகிறது. மாமனார் சொல்லும்போது இப்போதெல்லாம் நானும் சலவை மெஷினுக்குள் போய்விட்டு வருகிறேன். எங்கள் மகளுக்குத் தமிழ் புரியும், பேசுவது தெலுங்கில். நான் ஆபீஸ் விட்டு வந்து மணியை அடித்தால், கதவைப் பாதி திறந்து கையை நீட்டுவாள். "டிக்கெட் உந்தா, நான்னா?" டிக்கெட் இருக்கிறதா அப்பா என்று கேட்கிறாள். உள்ளே அவள் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் கதை எதுவும் சொல்வதில்லை. வாசலில் நின்றபடி ஒவ்வொரு பாக்கெட்டாகத் தொட்டுப் பார்க்கிறேன்.