சபார் அண்ணன் வைத்துக்கொண்ட ஆணி

ஜப்பானியப் படை மலாயாவில் இருந்த அத்தனை பேரையும் தனக்குத் தலைவணங்க வைத்தது என்பது சரித்திரம். அந்தப் படையின் அதிகாரி ஒருவரை, அதுவும் இடுப்பில் வாளோடு, ஒரு பேசின் தண்ணீருக்கு முன் தலைகுனிய வைத்தவர் மலாயா முழுவதிலும் ஒரே ஒருவர்தான். மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் வாதுமை மரத்தடியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சபார் அண்ணன்தான் அவர். சரித்திரம் எழுதியவர்கள் அவரைக் குறிப்பிடாமல் விட்டதற்கு, அவர்களில் எவரும் சைக்கிள் வைத்திருக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. மலாய் மொழியில் பொறுமைக்கு 'சபார்' என்று பெயர். அவர் வாயிலிருந்து வரும் சொற்களில் பாதி அதுவாகவே இருந்தபடியால் ஊர் அதையே அவருக்குச் சூட்டிவிட்டது. ஊரில் முதல் குண்டு விழுந்த காலையில் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினோம். அவர் மட்டும் ஒரு சைக்கிள் ட்யூபை இரு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அண்ணே, ஓடி வாங்க!" என்று கத்தினோம். "சபார் லா! ஒட்டு காயட்டும்!" என்றார். ஒட்டு காய்ந்தது. குண்டு வேறிடத்தில் விழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நெடுநாள் நம்பியவர்களும் எங்கள் சாலையில் இருந்தார்கள்.

ஆனால் அவர் பேர்பெற்றது பொறுமையால் அன்று. ஒரு விசித்திரமான வழக்கத்தால். டயரிலிருந்து எடுத்த ஆணியையோ முள்ளையோ மற்ற பஞ்சர்க்காரர்கள் சாக்கடையில் எறிவார்கள். இவர் துடைத்து ஒரு சிகரெட் டப்பாவில் போடுவார். மாலையில் கடையைக் கட்டியதும் டப்பாவோடு கிளம்பி, அந்தந்தப் பொருளை அதனதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். மனித முகங்களை நாம் நினைவில் வைப்பதைப்போல அவர் ஊரின் ஆணிகளை நினைவில் வைத்திருந்தார். இது ஆசாரியின் ஆணி, இது சவப்பெட்டிக் கடை ஆணி, இது மளிகைக்கடைப் பெட்டி ஆணி என்று தடவிப் பார்த்தே சொல்வார். ஒருமுறை மீன் முள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளேபாங் வரை நடந்துபோய், ஒரு மீன்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "உங்க பொருளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த அம்மாள் மறுவாரம் முழுவதும் வியாபாரத்துக்கு வரவில்லை. செய்வினை என்று எண்ணிவிட்டாராம்.

இதில் ஊரைக் கலக்கியது கொண்டை ஊசி விவகாரம். பாட்டு வாத்தியார் ஒருவருடைய சைக்கிள் டயரிலிருந்து வந்த கொண்டை ஊசியை, சுங்க அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவரின் வீட்டுக்கு எடுத்துச் சென்று, கிராணியின் கையிலேயே கொடுத்தார்.

"உங்க வீட்டம்மா ஊசி. பாட்டு வாத்தியார் சைக்கிள்ல இருந்துச்சி."

வாத்தியார் அவர்கள் வீட்டு சன்னலுக்குக் கீழே நிழலுக்காகச் சைக்கிளைச் சாத்தி வைத்தார் என்பதும், மேலே தலைவாரிக்கொண்டிருந்த அம்மாளின் ஊசி தவறிக் கீழே விழுந்தது என்பதும் பின்னால் விளங்கியது. விளங்குவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை.

நான் அப்போது சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த இளைஞன். எந்தச் செயலையும் அதன் விளைவுகளோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்ற கொள்கை உடையவன். ஆகவே அவருக்கு எடுத்துரைத்தேன்.

"அண்ணே, உண்மையானாலும் அதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிக்கணும் இல்லையா?"

"நான் என்ன சொன்னேன், தம்பி? பொருளைக் கொடுத்தேன். அவங்க பொருளை நான் வச்சிக்கிட்டா அது திருட்டு."

"ஒரு ஊசியா திருட்டு?"

"ஊசின்னா என்ன, யானைன்னா என்ன? எடுத்தா எடுத்ததுதானே லா."

பொருளாதாரமும் தர்க்கமும் படித்த நான் வீட்டைப் பார்க்க நடந்தேன்.

ஜப்பானியர் வந்த பிறகு எல்லாமே தலைகீழாயின. கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் நகர்த்தச் சொன்னார்கள். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். சுற்றிலும் ரப்பர்க் காடாக இருந்த நாட்டில் ஒரு நல்ல ட்யூபுக்கு வழியில்லை. சைக்கிள் சக்கரங்களில் தாம்புக்கயிறு சுற்றி ஓட்டினார்கள். கயிற்றுக்குப் பஞ்சர் ஆகாது என்பதால் சபார் அண்ணனின் டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. நான் ஜப்பானிய மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்று, ஓர் இராணுவ அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் கிராணியாகச் சேர்ந்தேன். என் சப்பாத்து அடிப்பாகம் தேய்ந்து தீர்ந்தபோது, பழைய கார் டயரைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி நானே அடித்துக்கொண்டேன். அதற்கு வேண்டிய சிற்றாணிகளை, மூடிக்கிடந்த எங்கள் வாசகசாலையின் அறிவிப்புப் பலகையிலிருந்து பிடுங்கினேன். பித்தளைத் தலையில் நட்சத்திரம் பதித்த அழகான ஆணிகள். மலாக்காவில் வேறெங்கும் கிடையாது. ஒரு சப்பாத்துக்குப் பன்னிரண்டு.

இந்த நிலையில்தான் எங்கள் அலுவலக அதிகாரிக்குக் கப்பலில் ஒரு புது மோட்டார்சைக்கிள் வந்து இறங்கியது. கறுப்பில் நிலைக்கண்ணாடிபோல் மின்னியது. அலுவலக முகப்பில் நிறுத்தி, ஒவ்வொரு மாலையும் பட்டுத் துணியால் அவரே துடைப்பார். கழுவி, காற்றடித்து வைக்கும் வேலை மட்டும் கோவிந்தனுடையது. கோவிந்தன் தோட்டத்திலிருந்து வந்த, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள சாதுவான மனிதன். நானும் நாளுக்கு மூன்று முறை அந்த வண்டியைச் சுற்றி வந்து இரசிப்பதுண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தே நாளில் பின்சக்கரத்துக்கு ஒரு நோய் வந்தது. காலையில் கல்லாக இருக்கும். நண்பகலில் தளரும். மாலையில் வண்டி இடுப்பொடிந்தாற்போல் உட்கார்ந்துவிடும். இரண்டு பஞ்சர்க்காரர்கள் வந்து காற்றடித்துவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போனார்கள். புது வண்டிக்குப் பஞ்சர் வராது என்பது அதிகாரியின் முடிவு. ஆகவே யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள், வண்டியைத் தொடுகிறவன் கோவிந்தன், ஆகவே கோவிந்தன். இரண்டு அறைகளோடு விசாரணை முடிந்தது.

"நாளை மாலை எட்டு மணிக்குள் காரணம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இவன் சயாம் பட்டியலில் போகிறான்" என்றார்.

சயாமில் ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்த ரயில்பாதைக்குக் கூலியாகப் போனவர்கள் யாரும் அதுவரை எங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவன் நான். கடைசி வரியில் கோவிந்தனின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

மறுநாள் பிற்பகல் வண்டியை நானும் கோவிந்தனுமாகத் தள்ளிக்கொண்டு வாதுமை மரத்தடிக்குப் போனோம். சாலையே வெறிச்சோடியது. காரணம் எளிது. சபார் அண்ணன் ஆணியை எடுப்பார், எடுத்தால் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார், கொடுக்கப்படுகிறவர் தொலைந்தார். ஆசாரி தன் ஆணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே புக்கிட் காதிலில் இருந்த மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

"எட்டு மணிக்குள்ள முடியணும், அண்ணே" என்றேன்.

"எந்த எட்டு? நம்ம எட்டா, டோக்கியோ எட்டா?"

"டோக்கியோ எட்டு. நமக்கு ஆறரை."

"அந்த ஊரு எட்டுக்கு இந்த ஊரு ஒட்டு காயாது. சபார்."

கோவிந்தனுக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, ரெண்டு பிள்ளைங்க இருக்குண்ணே."

"அழுவுறவன் தண்ணியாவது கொண்டாப்பா. பேசின் காலியா கெடக்கு."

அவன் பேசினைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனான். சபார் அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, டயரின் உட்புறத்தில் நடுவிரலை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. டயரைத் திருப்பி, வெளிப்பள்ளத்தில் இறுகிக் கிடந்த தாரைக் குத்தூசியால் நோண்டினார். குட்டையான ஓர் ஆணி வெளியே வந்தது. நீளம் போதாததால் நுனி மட்டும் ட்யூபைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. காற்று கசிந்து கசிந்து போனதும் அதனால்தான். வேட்டி நுனியில் துடைத்தார். பித்தளைத் தலை. அதில் நட்சத்திரம்.

பிறகு என் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வலது காலைத் தூக்கி எண்ணினேன். பதினொன்று.

விளைவுகளை எடைபோடுவதில் எனக்கிருந்த பயிற்சி முழுவதும் அந்தக் கணத்தில் வேலைசெய்யத் தொடங்கியது. ஒப்புக்கொண்டால் நான் போவேன், கோவிந்தன் பிழைப்பான். ஒப்புக்கொள்ளாவிட்டால் கோவிந்தன் போவான், என் மனசாட்சி பிழைக்காது. இருவரையும் சேர்த்தே அனுப்ப அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் இந்தக் கணக்கின் மூன்றாவது கிளையில் நடந்துகொண்டிருக்கும்போதே சாலையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரோ சபார் அண்ணனின் வழக்கத்தை அதிகாரியின் காதில் போட்டிருக்கிறார்கள். ஒரு சிப்பாயோடு நேரில் வந்துவிட்டார். கோவிந்தன் பேசினோடு திரும்பி வந்து அப்படியே உறைந்தான். சபார் அண்ணன் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, நிதானமாக மடித்து, வாயில் போட்டுக்கொண்டார். ஆணி கையில் இல்லை.

"இவன் ஒவ்வோர் ஆணியின் சொந்தக்காரனையும் அறிவானாம். இது யாருடைய ஆணி என்று கேள்" என்று எனக்கு உத்தரவானது.

என் ஆணி யாருடையது என்று கேட்கும் பொறுப்பு என்னிடமே வந்து சேர்ந்தது.

"யாருடைய ஆணின்னு கேக்கிறார், அண்ணே."

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"எந்த ஆணி?"

"அண்ணே..."

"ஆணியே இல்லைன்னு சொல்லு, கிராணி. புது ட்யூபு. கப்பல்ல மடங்கிக் கெடந்து வந்துருக்கு. இங்க வெயிலு ஜாஸ்தி. மடிப்புல ஊசிமுனை மாதிரி கண்ணு விட்டுருச்சி. டயர்ல வேணும்னா அவரையே விரல விட்டுப் பாக்கச் சொல்லு."

நீண்ட கடற்பயணத்தால் ட்யூப் களைத்திருக்கிறது என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி கையுறையைக் கழற்றி, டயருக்குள் விரலைவிட்டு ஒரு முழுச் சுற்றுத் தடவினார். ஒன்றும் இல்லை. டப்பாவைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு பழைய சட்டைப் பொத்தான் மட்டும் கிடந்தது. ஓட்டையைக் காட்டு என்றார்.

ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினார் சபார் அண்ணன். ஒன்றும் வரவில்லை. அதிகாரி குனிந்தார்.

"எங்கே?"

"சபார், துவான்."

அதிகாரி இன்னும் குனிந்தார். சிப்பாய், மேலதிகாரி எதற்கோ வணக்கம் செலுத்துகிறார் என்று கருதி, தானும் இடுப்பளவு குனிந்தான். சிப்பாய்க்கு முன் குனியாதவன் கன்னம் வீங்கும் என்பது ஊருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துச் சாலையில் வந்தவர்கள், யார், எதற்கு என்று கேட்காமல் அப்படியே நின்று குனிந்தார்கள். ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியிலிருந்து இறங்கிக் குனிந்தார். எதிர் வீட்டுக் கதவிடுக்கு வழியே பார்த்தவர்களும் பாதுகாப்புக்காக உள்ளேயே குனிந்ததாகப் பிறகு சொன்னார்கள். இத்தனைக்கும் நடுவே ஓர் எனாமல் பேசின்.

"வரவில்லையே!" என்று நிமிரப் போனார் அதிகாரி.

"சபார்!" என்றார் அண்ணன், கட்டைவிரலை எடுக்காமல்; குண்டு விழுந்த காலையில் எங்களிடம் சொன்ன அதே குரலில். அதிகாரி மறுபடி குனிந்தார்.

கடுகளவு ஒரு குமிழ் எழும்பி, சற்றுத் தயங்கி, உடைந்தது. சிறிது நேரத்துக்குப் பின் இன்னொன்று. அதிகாரி சிரித்துவிட்டார். மூன்றாவதைத் தாமே சுட்டிக்காட்டினார். ஐந்தாவது குமிழில் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ரப்பர்ப் பால் காய்ச்சிய பசையில் ஒட்டு ஏறியது, காய்ந்தது, சக்கரம் கல்லாக நின்றது. டோக்கியோ நேரம் எட்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கோவிந்தன் பின்னால் ஓட, அதிகாரி வண்டியில் போனார்.

அவர்கள் வளைவைத் தாண்டிய பிறகே சபார் அண்ணன் மரத்தடியில் துப்பினார். சிவப்பின் நடுவே பித்தளை நட்சத்திரம் விழுந்தது. அந்தச் சிவப்பில் வெற்றிலை எவ்வளவு, இரத்தம் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. ஆணியைக் கழுவி மடியில் செருகிக்கொண்டார். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

அன்றிரவே பட்டியலின் கடைசி வரியை அழித்தேன். மற்ற பெயர்களைத் தட்டச்சு செய்தேன். அதைப்பற்றி இன்றுவரை எனக்கு எந்த நியாயமும் அகப்படவில்லை.

ஊரார் சபார் அண்ணனை மன்னிக்கவில்லை. ஆணியே இல்லாத பஞ்சரா? புக்கிட் காதிலிலிருந்து திரும்பிய ஆசாரி, "கண்ணு போச்சா அண்ணே, விரலு போச்சா?" என்று கடைக்கு வந்தே கேட்டார். முன்பு ஊசியை வாங்கிக்கொண்ட சுங்கக் கிராணி, "என் வீட்டு ஊசி மட்டும் தெரிஞ்சிச்சாக்கும்!" என்று சாலையில் நின்று உரக்கச் சொன்னார். அதற்கும் அவர் "சபார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பம்பை எடுத்தார். நானோ மிச்சம் இருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, சப்பாத்தைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு மாலையும் அவர் என் வீட்டைக் கடந்து போவார். ஒருநாளும் உள்ளே வரவில்லை.

ஜப்பான் சரணடைந்தது என்ற செய்தி ஊருக்குள் வந்த மாலை, எல்லோரும் கடிகாரங்களைப் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தபோது, அவர் என் வாசலில் வந்து நின்றார். டப்பாவைத் திறந்து, என் உள்ளங்கையில் அதை வைத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்ததில் நட்சத்திரம் புதிதுபோல் மின்னியது.

"உங்க பொருளு, கிராணி. இத்தன நாளு நான் திருடனா இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கிளேபாங் பக்கம் வேறு யாருடைய ஆணியையோ கொடுக்கப் போய்விட்டார்.

ஊரில் அவர் தாமதமாகத் திருப்பிக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான். கோவிந்தனும் நானும் இத்தனை காலமாக வாழ்ந்துகொண்டிருப்பது அந்தத் தாமதத்தில்தான்.